பதினாறரை எண் வீட்டு நடுவர்

எங்கள் ஸிகமோர் தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் யார் வீட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. என் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான். நவம்பர் குளிரில் அதை ஏன் திறந்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் வீட்டு எண் பதினாறு. தெருவின் இந்தப் பக்கம் எல்லாம் இரட்டை எண் வீடுகள். எதிர்ப்பக்கம் எல்லாம் ஒற்றை எண் வீடுகள். என் கார் கொட்டகைக்கு மேலே சின்னதாக ஒரு மாடி உண்டு. அதன் எண் பதினாறரை. சிரிக்காதீர்கள், தபால்காரர்கூட அப்படித்தான் எழுதுகிறார். அங்கே பத்து வயது ஓப்பலும் அவள் அம்மா டெனீஸும் குடியிருக்கிறார்கள். டெனீஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில், வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றி நாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு பந்தயம் நடக்கும். ஒற்றை எண்காரர்கள் ஓர் அணி, இரட்டை எண்காரர்கள் ஓர் அணி. தெருக்கோடியில் இருக்கும் காலி மனைதான் மைதானம்.

ஆட்டத்தின் பெயர் ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது. மற்றபடி, முட்டை வடிவத் தோல் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கு ஓடுவதுதான் வேலை. நாலு முயற்சி தருவார்கள். அதற்குள் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பெரிய மைதானங்களில் ஓடுகிறவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். எங்கள் தெருவில் முட்டிவலிக்காரர்கள் அதிகம். அதனால் கையால் தொட்டாலே போதும், அந்த முயற்சி முடிந்தது.

ஜெயிக்கிற அணிக்குப் பரிசு, தங்க நிறம் பூசிய உருளைக்கிழங்கு மசிக்கும் மத்து. ஆட்டம் முடிந்ததும் தெரு நடுவில் நீளமாக மேஜை போடுவோம். எல்லா வீட்டு வான்கோழியும் எல்லா வீட்டிலும் மாவுக்குள் பூசணி வைத்துச் சுட்ட பூசணி பை என்ற இனிப்பும் அந்த மேஜைக்கு வந்துவிடும்.

போன வருஷம் மட்டும் மேஜை போடவில்லை. காரணம் ஒரு முட்டி.

பன்னிரண்டாம் எண் வெர்லின் ஸ்டட்ஸின் முட்டி அது. அவர் பந்தோடு ஓடினார். மேப்பிள் மரத்தடி ஈர இலையில் வழுக்கி, ஒரு முட்டி தரையில் பட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. எழுந்து மறுபடி ஓடி, எல்லையைத் தொட்டு, இடுப்பை ஆட்டி ஓர் ஆட்டமும் போட்டார். அந்த ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பதாம் எண் கார்மைன் டிலூக்கா கத்தினார். "முட்டி பட்டாச்சு! அங்கேயே நின்னுபோச்சு!"

"என்னை யாருய்யா தொட்டா? யாரும் தொடலையே!" என்றார் ஸ்டட்ஸ்.

"தொடவே வேணாம். முட்டி பட்டா முடிஞ்சுது!"

"நீ படிச்ச பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஆமாய்யா! அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க!"

அதோடு சரி. அவரவர் பூசணி பையை அவரவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மத்து யாருக்கும் இல்லை என்று என் அலமாரியில் தூங்கியது. அன்றிலிருந்து ஸ்டட்ஸ், டிலூக்காவின் ரொட்டிக் கடைப் பக்கம் போகவில்லை. ஊரின் மறுகோடியில் கல்லு மாதிரி ரொட்டி வாங்கித் தின்றார். பனிக்காலத்தில் தன் பனி தள்ளும் வண்டியால் தெரு முழுவதும் பாதை செய்து கொடுப்பவர் அவர். டிலூக்கா வீட்டு எல்லை வந்ததும் டக்கென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அங்கே பனி ஒரு சுவர் மாதிரி நின்றது. நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் நேராக இருந்தது.

இந்த வருஷம் நன்றி நாளுக்கு முன்பு ஒரு மாலை, மாடியிலிருந்து பேச்சு கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. துணி உலர்த்த வெளியே நின்றேன். சரி, துணி கொஞ்சம்தான் இருந்தது.

"அம்மா, இந்த வருஷமாவது மேஜை போடுவாங்களா?" என்றாள் ஓப்பல்.

"சண்டை வராம இருந்தா போடுவாங்கடா கண்ணு."

"வந்துட்டா?"

"நமக்கென்ன, போன வருஷம் மாதிரி நாம ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

அவர்கள் வீட்டில் இருப்பது ரொட்டி வாட்டுகிற சின்ன மின் அடுப்பு. அதில் வான்கோழி நுழையாது. போன வருஷம் இரண்டு கோழிக்காலை வாட்டி, ஜன்னல் வழியாகக் காலித் தெருவைப் பார்த்தபடி இருவரும் சாப்பிட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மறுபடியும் கேட்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தெருக் கூட்டம். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். "இன்னொரு சண்டை வந்தா இனிமே ஆட்டமும் கிடையாது, மேஜையும் கிடையாது. நடுவர் ஒருத்தர் வேணும்."

"எங்க பக்கத்துல ஒருத்தர் இருக்கார்," என்றார் டிலூக்கா, சுவரைப் பார்த்து.

"ஒற்றைப் பக்கத்து ஆளா? அதுக்கு ஆட்டத்தையே அவங்க கையில கொடுத்துடலாம்," என்றார் ஸ்டட்ஸ், கூரையைப் பார்த்து.

"இரட்டைப் பக்கத்துலேருந்து வந்தா மட்டும் நியாயமா?"

டோனட் தட்டை ஏந்தி நின்ற ஓப்பல் மெல்லக் கையைத் தூக்கினாள். "நான் பதினாறரை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான் ஒற்றையும் இல்ல, இரட்டையும் இல்ல. அதனாலதானே என்னை எந்த டீம்லயும் சேர்த்துக்கல?"

உண்மைதான். அவள் எந்தப் பக்கம் என்று புரியாமலே இரண்டு வருஷமாக அவளை ஓரத்தில் உட்கார வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் எல்மர் ஒரு டோனட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"விதியெல்லாம் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார் ஸ்டட்ஸ்.

"தெரியாது. கத்துக்கிறேன்."

"பத்து நாள்லயா? நான் நாப்பது வருஷமா பார்க்கிறேன்..."

"பார்த்தும் முட்டி விஷயம் தெரியல," என்றார் டிலூக்கா சுவரிடம்.

அப்படித்தான் ஓப்பல் நடுவரானாள்.

நூலகத்துக்குப் போய் விதிப் புத்தகம் எடுத்து வந்தாள். பேருந்தில் அம்மாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தாள். பந்து கிளம்புவதற்கு முன் யார் அசையலாம், யார் அசையக் கூடாது. எந்தத் தப்புக்கு எத்தனை தப்படி பின்னால் போக வேண்டும். தப்பு நடந்தும் எதிரணிக்கு லாபம் என்றால் அவர்கள் தண்டனையே வேண்டாம் என்று சொல்லலாமா. படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் டிலூக்காவின் கடைக்குப் போனாள். ஸ்டட்ஸின் வீட்டுப் பெரிய தொலைக்காட்சிக்கு முன்னும் போய் உட்கார்ந்தாள். ஒரு மாலை என் பின்படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம். ரெண்டு பேரும் சொல்றது சரி!"

"அதெப்படி ரெண்டு பேரும் சரியா இருக்க முடியும்? ஒரு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காங்களே!"

"மிஸ்டர் ஸ்டட்ஸ் ஞாயித்துக்கிழமை டிவில பெரிய டீம்கள் ஆடுறதைப் பார்க்கிறார். அங்க எதிரணி ஆள் தொட்டாத்தான் கணக்கு. யாரும் தொடலைன்னா எழுந்து ஓடலாம். மிஸ்டர் டிலூக்கா பள்ளிக்கூட டீம்ல ஆடினவர். பள்ளிக்கூட விதியில முட்டி பட்டாலே முடிஞ்சுது. ஒரே ஆட்டம்தான். விதி மட்டும் வேற."

எனக்குக் காபி புரையேறியது. "அடிப்பாவி! இதை இப்பவே போய்..."

"வேணாம் ஆன்ட்டி! இப்பச் சொன்னா, எந்த விதி ஒசத்தின்னு அதுக்கும் சண்டை போடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

என்னிடம் போய் ஒரு ரகசியத்தைக் கொடுக்கலாமா? ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே கடினமான வாரம் அது. எல்மரிடம் சொன்னேன்தான். அவர் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்திருந்தார். அது கணக்கில் வராது.

நன்றி நாள் விடிந்தது. புல்லில் உறைபனி, ஆளாளுக்கு வாயில் புகை. ஓப்பல் அம்மாவின் கறுப்பு ஸ்வெட்டரை முழங்கால் வரை போட்டுக்கொண்டு வந்தாள். அதன்மேல் வெள்ளைப் பட்டையாகக் காயத்துக்கு ஒட்டும் டேப்பை வரிவரியாக ஒட்டியிருந்தாள். இடுப்பில் மஞ்சள் துணி. அது என் பாத்திரம் துடைக்கும் துணிதான். வீசினால் நேராகப் போய் விழ வேண்டும் என்று நுனியில் கொஞ்சம் மொச்சையைக் கட்டியிருந்தாள். யாராவது தப்பு செய்தால் அதை வீசுவாள். விரலில் ஒரு ரப்பர் வளையம். முதல் முயற்சி என்றால் ஆள்காட்டி விரலில், இரண்டாவது என்றால் நடுவிரலில், இப்படி மாற்றிக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது. பல்லுக்கு நடுவே விசில்.

"முதல்ல ஒரு விஷயம்," என்றாள். "இன்னிக்கு எந்த விதி? டிவி விதியா, பள்ளிக்கூட விதியா?"

"டிவி!" என்றார் ஸ்டட்ஸ்.

"பள்ளிக்கூடம்!" என்றார் டிலூக்கா.

ஓப்பல் காசைச் சுண்டினாள். பள்ளிக்கூட விதி விழுந்தது. "முட்டி பட்டா முடிஞ்சுது. சரியா?"

ஸ்டட்ஸ் முனகினார். ஆனாலும் காசோடு யார் சண்டை போட முடியும்?

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் மஞ்சள் துணி யார் காலடியில் விழுந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் எல்மர் காலடியில்.

"பந்து கிளம்பறதுக்கு முன்னாடி அசைஞ்சிட்டீங்க, மிஸ்டர் எல்மர். எல்லாரும் அஞ்சு தப்படி பின்னால போங்க."

"நான் அசையலம்மா, தும்மினேன்!"

"தும்மினாலும் அசைவுதானே?"

"இந்த வயசுல நான் அசைஞ்சதே பெரிய விஷயம். அதுக்குத் தண்டனையா!" என்றார் எல்மர். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

இரண்டாவது துணி, டிலூக்கா ஸ்டட்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு. "பேச மாட்டேன்னு சொல்லிட்டு சட்டையை மட்டும் ஏன்யா விடமாட்டேங்கறே?" என்றார் ஸ்டட்ஸ். ஒரு வருஷத்தில் அவர் டிலூக்காவிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. நான் டெனீஸை முழங்கையால் இடித்தேன்.

சர்ச் மணி பன்னிரண்டு அடித்தால் ஆட்டம் முடிவு. மணி அடிக்கப் போகிற நேரத்தில் இரண்டு அணியும் சமம். பந்து ஒற்றைப் பக்கத்திடம். ஓப்பலின் ரப்பர் வளையம் சுண்டுவிரலில் இருந்தது. கடைசி முயற்சி.

டிலூக்கா பந்தை வாங்கினார். இடது பக்கம் போவது மாதிரி போய் வலது பக்கம் திரும்பினார். அந்தத் தொப்பைக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ! ஸ்டட்ஸ் கை நீட்டினார், எட்டவில்லை. எதிரே எல்லைக் குறியாக நின்ற மரம், நடுவில் யாருமில்லை. ஓப்பல் பக்கத்திலேயே ஓடினாள். ஸ்வெட்டரில் இருந்த டேப்பெல்லாம் பிய்ந்து வால் மாதிரி பறந்தது. அந்தக் குளிரில் அவளுக்கு ஒரு விக்கல் வந்தது.

விசில் பல்லுக்கு நடுவில் இருந்ததல்லவா?

"பீ...ப்!"

எல்லோரும் அப்படியே நின்றோம். டிலூக்கா மட்டும் ஓடிப் போய் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவரைத் தவிர யாரும் கை தட்டவில்லை.

"விசில் ஊதியாச்சு! ஆட்டம் நின்னுபோச்சு!" என்று குதித்தார் ஸ்டட்ஸ். என் பக்கத்து அணி என்பதால் நானும் கொஞ்சம் குதித்தேன்.

"எதுக்கு ஊதினே?" என்று மூச்சு வாங்கியபடி வந்தார் டிலூக்கா. அவர் மகன் நிக்கோவின் கண்ணில் நீர் முட்டியது. "நாங்க ஜெயிச்சிட்டோம்! நீ கெடுத்துட்டே!"

ஸ்டட்ஸ் குனிந்து ஓப்பலிடம் மெல்லக் கேட்டார். "என் கை பட்டுதுதானே பாப்பா? லேசா, விரல் நுனி? அதைப் பார்த்துதானே ஊதினே?"

எவ்வளவு சுலபம்! 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். ஓப்பலின் காது சிவந்தது. அவள் தெருவைப் பார்த்தாள். அங்கே மடித்து வைத்த மேஜைகள் சுவரில் சாய்ந்து நின்றன. விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"இல்ல. யாரும் தொடல. முட்டியும் படல." "எனக்கு விக்கல் வந்துச்சு. நான் தப்பா ஊதிட்டேன்."

நாற்பது வருஷமாக இந்த ஆட்டத்தில் 'நான் தப்பு செய்தேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இதுக்கும் விதி இருக்கு," என்றாள் ஓப்பல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நடுவர் தப்பா ஊதிட்டா, ஆட்டம் அங்கேயே நின்னுடும். மரத்தைத் தொட்டது கணக்கில்ல. ஆனா பந்து வச்சிருந்த டீம் விரும்பினா அதே முயற்சியைத் திரும்ப ஆடலாம். யாருக்கும் தண்டனை கிடையாது."

டிலூக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. "நடுவர் தப்பு பண்ணுவார்னு விதியிலேயே எழுதி வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"முன்கூட்டியே?"

"ஆமா. முன்கூட்டியே."

டிலூக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தொப்பை குலுங்கியது, பிறகு தோள். "என் பொண்டாட்டியும் வீட்டுல இப்படி ஒரு விதி எழுதி வச்சிருக்கலாம்! சரி நடுவரே, திரும்ப ஆடறோம்."

திரும்ப ஆடினார்கள். இந்த முறை டிலூக்கா பந்தை நிக்கோவுக்கு எறிந்தார். அது நிக்கோவின் கையில் பட்டு, எல்மரின் தலையில் பட்டு, தரையில் விழுந்தது. சர்ச் மணி அடித்தது. இரண்டு அணியும் சமம்.

ஒற்றைப் பக்கத்தில் முணுமுணுப்பு கேட்டது. வெற்றி கையில் வந்து போனதல்லவா? அது பெருசாவதற்குள் ஓப்பல் மறுபடி கையைத் தூக்கினாள்.

"இன்னும் முடியல. போன வருஷத்து ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஓப்பல் சொன்னாள். டிவி விதி, பள்ளிக்கூட விதி, இரண்டும் இரண்டு. "ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னீங்க. எந்த விதின்னு முதல்லயே கேட்க அன்னிக்கு நடுவர் யாரும் இல்ல. அதனால தப்பு உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல. அதையும் இன்னிக்கு விதிப்படி திரும்ப ஆடிடலாம்."

ஸ்டட்ஸ் டிலூக்காவைப் பார்த்தார். டிலூக்கா ஸ்டட்ஸைப் பார்த்தார். சுவரையும் கூரையையும் பார்க்க அங்கே வழியில்லை. அது திறந்தவெளி.

"நீயும் சரியா?" என்றார் ஸ்டட்ஸ்.

"நீயுமா?" என்றார் டிலூக்கா. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

"அப்ப நான் ஒரு வருஷம் அந்தக் கல்லு ரொட்டியைச் சும்மாதான் தின்னேனா!"

போன வருஷம் எல்லோரும் எங்கே நின்றார்களோ அங்கேயே போய் நின்றார்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதில் ஒரு சின்னக் கருத்து வேறுபாடுகூட இல்லை. ஒரு வருஷமாக எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோமே! பந்து பறந்தது. ஸ்டட்ஸ் பிடித்தார். ஓடினார். அதே மேப்பிள் மரம், அதே ஈர இலைக் குவியல்.

சர்ர்ர்!

அதே முட்டி.

யாரும் அவரைத் தொடவில்லை. ஓப்பல் இந்த முறை விசிலைக் கையில் வைத்திருந்தாள். நிதானமாக வாயில் வைத்தாள். ஊதினாள்.

ஸ்டட்ஸ் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் முட்டியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "பட்டுச்சு," என்றார். "நல்லாவே பட்டுச்சு."

டிலூக்கா போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "யோவ், ஒரு வருஷமா இந்த இலையைக் கூட்டக் கூடாதா?"

"இது ஒற்றைப் பக்கத்து மரம்யா! உன் பக்கத்து இலை!"

"வழுக்கினது உன் பக்கத்துக் கால்!"

இருவரும் தோளில் கை போட்டபடி கத்திக்கொண்டே நடந்தார்கள். அது சண்டை இல்லை. சண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், பல வருஷ அனுபவம்.

மத்து யாருக்கு என்ற கேள்வி வந்தது. இரண்டு அணியும் சமம். ஒற்றைக்கும் கொடுக்க முடியாது, இரட்டைக்கும் கொடுக்க முடியாது.

"ரெண்டும் இல்லாத வீடு ஒண்ணு இருக்கே," என்றான் நிக்கோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஓப்பல் மத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டெனீஸ் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். குளிர்தான் காரணம் என்றார். நானும் அப்படியே நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

தெரு நடுவில் மேஜை போட்டோம். வான்கோழி வந்தது, மசித்த கிழங்கு வந்தது, டிலூக்காவின் ரொட்டி இன்னும் சூடாக வந்தது. ஸ்டட்ஸ் யாரையும் பார்க்காமல் அதில் பாதியைத் தின்றார். ஓப்பலையும் டெனீஸையும் மேஜையின் சரி நடுவில் உட்கார வைத்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் அவள் தட்டில் உணவு விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் அவள் தங்கள் அணியில்தான் ஆட வேண்டும் என்று இரண்டு பக்கமும் கேட்க ஆரம்பித்தன.

"முதல் பாதி இங்க, ரெண்டாம் பாதி அங்க," என்றாள் ஓப்பல் வாய் நிறையக் கிழங்கோடு. "நான் பதினாறரைதானே!"

கடைசியில் தட்டில் ஒரே ஒரு துண்டு பூசணி பை மிஞ்சியது. ஸ்டட்ஸின் முள்கரண்டியும் டிலூக்காவின் முள்கரண்டியும் ஒரே நேரத்தில் அதில் குத்தின.

"நான்தான் முதல்ல தொட்டேன்!"

"தொட்டா மட்டும் போதுமா? தூக்கணும்!"

"எந்த விதியில இருக்கு?"

மேஜை நடுவிலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. இந்த முறை அது விக்கல் இல்லை. இருவரும் கரண்டியை எடுத்துவிட்டார்கள். நடுவர் அந்தத் துண்டைத் தன் தட்டில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.